இஞ்சியின் வேரைத் தேடி: சிகாகோ மின் அகராதித் தொகுப்பு, ஒரு மதிப்பீடு

ஒரு சொற்பிறப்பு அகராதியை எடைபோட அதன் முன்னுரையைப் படிப்பதைவிட ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. அந்தச் சொல் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். பல மொழிகளில் நடமாடியிருக்க வேண்டும். அதைச் சுற்றித் தவறான விளக்கங்களும் மண்டியிருக்க வேண்டும். ‘இஞ்சி’ இந்த மூன்றுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தின் ஜிஞ்சர், ஜெர்மனின் இங்வர், ரஷ்யனின் இம்பிர், அரபியின் ஸன்ஜபீல் எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள். மொழியியலாளர் ஆலன் ராஸ் 1952-இல் இந்த ஒரு சொல்லுக்காகவே தனி நூல் வெளியிட்டார். ஆகவே சரியான விடை ஓரளவு தெரியும். எந்த அகராதி அந்த விடைக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது என்று அளந்து பார்க்கலாம்.

இங்கே முதன்மையாக மதிப்பிடப்படுவது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ‘தெற்காசிய மின் அகராதிகள்’ என்னும் இலவச இணையச் சேவை. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, சந்தா இல்லை. தமிழ்ச் சொல்லின் பிறப்பை ஆராய வேண்டியவருக்கு இதைவிடப் பயனுள்ள இடம் இணையத்தில் இல்லை என்பது நம் முடிவு. ஆனால் இதற்குள் இருக்கும் எந்த ஓர் அகராதியும் தனியாக இஞ்சியின் கதையை முழுதாகச் சொல்லாது. நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தச் சேவை முழுப் பயன் தரும்.

தொகுப்பில் தமிழுக்கு நேரடியாக உதவுபவை பல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936), வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி (1862), பப்ரிசியுஸ் அகராதி ஆகியவை பொருளுக்கு. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியின் இரண்டாம் பதிப்பு (1984) இனமொழி (ஒரே குடும்பத்து மொழி) ஒப்பீட்டுக்கு. ரால்ஃப் டர்னரின் இந்தோ–ஆரிய ஒப்பீட்டு அகராதி (1962–1966) வடமொழி வழிச் சொற்களுக்கு. பாலி நூற்கழக அகராதி, குண்டர்ட்டின் மலையாள அகராதி (1872), பிரௌனின் தெலுங்கு அகராதி, ஆங்கிலோ–இந்தியச் சொற்களுக்காக யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்–ஜாப்சன் (1886) ஆகியவையும் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனித் தேடல் பக்கம். பதிவோடு அச்சுப் பதிப்பின் பக்க எண்ணும் வருகிறது. மேற்கோள் காட்டுபவர்களுக்கு இது பெரிய உதவி; இணைய முகவரி நாளை மாறலாம், 1984 பதிப்பின் பக்க எண் மாறாது.

முதலில் பலரும் தடுக்கி விழும் இடம் தேடல் பெட்டி. தமிழ் லெக்சிகனில் தமிழ் எழுத்தில் ‘இஞ்சி’ என்றே தேடலாம், சிக்கல் இல்லை. திராவிடச் சொற்பிறப்பு அகராதியிலோ தமிழ் எழுத்து கிடையாது. எல்லா மொழிகளும் ரோமன் எழுத்தில், மேற்கோடு கீழ்ப்புள்ளிகளோடு. நாம் உச்சரிக்கும் ஒலியை வைத்து ஆங்கிலத்தில் ‘ஜே’ போட்டு எழுதினால் ஒன்றும் கிடைக்காது. அந்த அகராதி ஒலியை எழுதுவதில்லை, எழுத்தை எழுதுகிறது. தமிழில் ‘ச’ என்பது எந்த ஒலியில் வந்தாலும் அங்கே ரோமன் ‘சி’ எழுத்துதான். ‘க’ எப்போதும் ‘கே’. ‘ட’ எப்போதும் கீழ்ப்புள்ளியிட்ட ‘டி’ (ṭ). ‘தங்கம்’ என்பதில் நம் காதுக்கு ‘ஜி’ எழுத்தின் ஒலி கேட்டாலும் அங்கே தேட வேண்டியது ‘கே’. இந்த ஒரு விதி தெரியாததாலேயே ‘அகராதியில் இல்லை’ என்று முடிவுகட்டப்பட்ட சொற்கள் ஏராளம்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சொல்லைத் தேடாமல் ஆங்கிலப் பொருளைத் தேடுவது. தலைச்சொல்லில் மட்டும் தேடும் அமைப்பை விட்டுவிட்டு, முழுப் பதிவிலும் தேடும் அமைப்பைத் தேர்ந்து, இஞ்சிக்குரிய ஆங்கிலச் சொல்லைக் கொடுக்க வேண்டும். இப்போது கிடைப்பது ஒரு பதிவு அல்ல, பல. தமிழ் இஞ்சி, மலையாள இஞ்சி ஒரு பதிவில்; தெலுங்கு அல்லமு, கன்னட அல்ல இன்னொரு பதிவில்; காட்டு இஞ்சி வகைச் செடிகள் வேறு பதிவுகளில். தலைச்சொல்லை மட்டும் தேடியிருந்தால், தெலுங்கும் கன்னடமும் இதே பொருளுக்கு முற்றிலும் வேறு சொல்லை வைத்திருக்கின்றன என்ற முக்கியமான செய்தி கண்ணில் பட்டிருக்காது.

பதிவைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மொழிகள் எப்போதும் ஒரே வரிசையில் வரும். தமிழ், மலையாளம், இருளம், கோத்தர், தோடர் மொழிகள், கன்னடம், கொடகு, துளு, தெலுங்கு என்று தெற்கிலிருந்து தொடங்கி, கொலாமி, பர்ஜி, கோண்டி, கொண்டா, குய், குவி வழியாக நடுவே ஏறி, குருக், மால்டோ, பிராகுயி என வடக்கே முடியும். ஒரு பதிவு இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போகிறது என்பதே அந்தச் சொல்லின் வயதைப் பற்றிய முதல் தடயம். ‘கண்’ கடைசி வரை போகும். ‘இஞ்சி’ தமிழ், மலையாளத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே இந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ‘மூலத் திராவிடத்தில் (எல்லாத் திராவிட மொழிகளும் பிரிந்துவந்த தாய்மொழியில்) இஞ்சி இருந்தது’ என்று எழுதுவது தவறு. அகராதியும் அப்படிச் சொல்லவில்லை. இந்த அகராதி மீட்டுருவாக்கம் செய்த மூல வடிவங்களைத் தருவதே இல்லை. சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. உடுக்குறி (*) இட்ட மூல வடிவத்தை எழுதிவிட்டு அதற்கு இந்த அகராதியைச் சான்று காட்டும் கட்டுரைகள் இணையத்தில் உண்டு. அந்த வடிவம் வேறு எங்கிருந்தோ வந்தது என்று கொள்ள வேண்டும்.

பதிவின் நடுவே சாய்கோடு வந்தால் அதற்குப் பிறகு வருவது திராவிடத்துக்கு வெளியே உள்ள தொடர்பு. அங்கே ‘ஒப்பிடுக’ என்று இருந்தால் அது உறவு உறுதி என்று பொருளல்ல. பார்க்கத் தக்கது என்று மட்டுமே. கடன் எந்தத் திசையில் போனது என்பதையும் அந்தச் சுருக்கக்குறி சொல்லாது. பதிவின் கடைசியில் வரும் எண் 1961-ஆம் ஆண்டு முதற்பதிப்பின் பதிவு எண். பழைய ஆய்வுக்கட்டுரைகள் அந்த எண்ணைத்தான் பயன்படுத்தும். இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டால் தொடர்பே இல்லாத வேறொரு சொல்லில் போய் நிற்க வேண்டிவரும்.

தமிழ் லெக்சிகனில் இஞ்சி தேடுபவருக்கு வேறொரு பாடம் காத்திருக்கிறது. அங்கே ‘இஞ்சி’ ஒன்றல்ல. ஒன்று செடி, கிழங்கு. மற்றொன்று கோட்டை மதில். பழைய இலக்கியத்தில் நன்றாகவே வழங்கும் சொல். வடிவம் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் இணைத்து, ‘நிலத்தைக் கவ்விப் படர்வதால் மதிலுக்கும் கிழங்குக்கும் ஒரே பெயர்’ என்பது போன்ற விளக்கம் சொல்லத் தோன்றும். லெக்சிகன் அவற்றைத் தனித்தனித் தலைச்சொல்லாகப் பிரித்துவைத்திருப்பது அந்தச் சபலத்துக்கான தடை. சொற்பிறப்பு தேடுகையில் தலைச்சொல்லின் மேலிருக்கும் சிறிய எண்ணைக் கவனிக்காமல் போவது மிகச் சாதாரணமான தவறு. பொருள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால் முதலில் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

லெக்சிகனின் பலம் மேற்கோள். எந்த இலக்கியத்தில் எந்தப் பொருளில் வந்தது என்று காட்டுவதால் காலத்தைக் கணிக்க முடிகிறது. செடியாகிய இஞ்சியை மதுரைக்காஞ்சி மஞ்சளோடும் மிளகோடும் சேர்த்தே சொல்கிறது. அதாவது சங்கப் பாட்டின் காலத்திலேயே இந்தச் சொல் இன்றைய வடிவத்தை, முதலெழுத்து ‘இ’ ஆன வடிவத்தை, அடைந்துவிட்டது. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும். லெக்சிகனின் பலவீனம் பகரக்குறிக்குள் (சதுர அடைப்புக்குள்) அது தரும் சொற்பிறப்பு. இனமொழிச் சொல்லைக் காட்டும்போது நம்பலாம். வடமொழியிலிருந்து வந்தது என்று குறிக்கும்போது டர்னரையும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியையும் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். லெக்சிகன் முடிந்தபோது அந்த இரண்டும் பிறக்கவே இல்லை.

இனி இந்தத் தொகுப்பிலேயே படிக்கச் சுவையானதும் ஏமாறுவதற்கு எளிதானதுமான அகராதி: ஹாப்சன்–ஜாப்சன். இஞ்சி பற்றிய அதன் பதிவு தன் காலத்துக்கு வியப்பான கூர்மை உடையது. வடமொழியின் ‘சிருங்கவேரம்’ என்பதைச் ‘சிருங்கம்’ என்னும் கொம்போடு சேர்த்துச் சொல்லும் விளக்கம் கற்பனை என்றும், அது வெளியிலிருந்து வந்த சொல்லைக் கொம்பு போலத் தோன்றும்படி வடித்தெடுத்தது என்றும் அன்றே சொல்லிவிட்டார்கள். மலையாளத்தின் இஞ்சி, இஞ்சிவேர் என்பவற்றைச் சுட்டி, அவற்றுக்கு முன் ஒரு காலத்தில் முதலில் ச-ஒலி இருந்திருக்கலாம் என்றும் ஊகித்தார்கள். எல்லாம் சரியான பாதை. ஆனால் அதே பதிவில் ஒரு பெரிய சறுக்கல். ‘இஞ்சி’ என்றால் ‘வேர்’ என்று பொருள் எழுதிவிட்டார்கள். தமிழோ மலையாளமோ தெரிந்த எவருக்கும் இது உடனே உறுத்தும். ‘இஞ்சிவேர்’ என்பதில் வேர் என்னும் பொருள் இரண்டாம் பாதியில் இருக்கிறது, முதல் பாதி செடியின் பெயர். ஆங்கிலச் சொற்பிறப்புப் பக்கங்கள் பலவற்றில் இன்றும் இதே வரி, இதே தவறோடு காணப்படுகிறது. அவற்றை எழுதியவர்கள் மலையாள அகராதியைத் திறந்து சரிபார்க்கவில்லை போலும். சிகாகோ தொகுப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. ஹாப்சன்–ஜாப்சனைப் பார்த்த கையோடு குண்டர்ட்டைத் திறந்தால், தவறு எது என்பது ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

ஹாப்சன்–ஜாப்சனைப் பயன்படுத்துபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் இருப்பது வில்லியம் குரூக் திருத்திய 1903 பதிப்பு. பகரக்குறிக்குள் இருப்பவை குரூக் சேர்த்தவை. வெளியே இருப்பவை யூல், பர்னல் இருவருடையவை. இஞ்சிப் பதிவில் கன்னடச் ‘சுண்டி’யை இஞ்சியோடு இணைக்கும் ஊகம் மூல ஆசிரியர்களுடையது. அதை வடமொழிச் ‘சுண்டி’யோடு, உலர்தல் என்னும் பொருளோடு, இணைப்பதே வழக்கம் என்று பகரக்குறிக்குள் திருத்துவது குரூக். இருவர் கூற்றையும் ஒன்றாக்கி மேற்கோள் காட்டினால் அகராதி தன்னைத்தானே மறுப்பது போலத் தெரியும்.

கொம்பு விளக்கம் ஏன் நிற்காது என்பதை அறிய டர்னரும் பாலி அகராதியும் தேவை. வடமொழியில் அது சிருங்க–வேரம், நடுவில் ‘அ’. பாலியில் ஸிங்கி–வேரம், நடுவில் ‘இ’. கொம்பைக் குறிக்கும் வடமொழிச் சிருங்கம் பாலியில் ‘ஸிங்க’ ஆகும். எனவே கொம்பிலிருந்து இஞ்சியின் பெயர் வந்திருந்தால் பாலியில் ‘ஸிங்கவேரம்’ என்றே எதிர்பார்க்க வேண்டும். நடுவில் ‘இ’ வர ஒலியியல் காரணம் எதுவும் இல்லை. கிரேக்கரும் அந்த ‘இ’யைத்தான் கேட்டிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் எழுதுவது ‘ஸிங்கிபெரிஸ்’. ஆக, வணிகர் வாயில் இருந்தது மக்கள் வழக்கின் ‘ஸிங்கிவேர’ வடிவம். கொம்பு உருவம் வடமொழியில் பின்னர் திருத்தியமைத்தது. ‘ஸிங்கி’ என்பதின் இறுதி ‘இ’ நம் ‘இஞ்சி’யின் இறுதி ‘இ’யோடு பொருந்துவதையும், ‘வேர’ என்பது ‘வேர்’ என்னும் கலப்பற்ற திராவிடச் சொல்லோடு பொருந்துவதையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது.

பெரிய இடைவெளி ஒன்று மிஞ்சுகிறது: பாலியில் முதலில் ‘ஸ’ இருக்கிறது, தமிழில் இல்லை. இதற்கான விடை அதே திராவிடச் சொற்பிறப்பு அகராதியில், வேறு பதிவுகளில் சிதறிக் கிடக்கிறது. தமிழ் ‘உப்பு’, பர்ஜி மொழியில் ‘சுப்’. தமிழ் ‘ஆறு’ என்னும் எண், கோண்டியில் ‘ஸாருங்’. கொடுத்தல் பொருளில் தமிழ் ‘ஈ’; கொண்டா மொழியில் ‘ஸீ’. கடன்சொல்லிலும் இதே தடம் தெரிகிறது: கன்னடம் ‘ஸாவிர’ என்பதைத் தமிழ் ‘ஆயிரம்’ என்கிறது. தென் திராவிடத்தில் சொல் முதல் ‘ச’ பல சொற்களில் உதிர்ந்துபோயிருக்கிறது. இஞ்சியும் அந்த வரிசையில் ஒன்று என்றால், ச-ஒலி உதிர்வதற்கு முன்பே வடக்கே போன சொல் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. தமிழில் தொலைந்த முதலெழுத்து பாலியிலும் கிரேக்கத்திலும் லத்தீனிலும் மிஞ்சியிருக்கிறது. மதுரைக்காஞ்சியில் ‘இ’ வடிவமே இருப்பதால், வடக்கே போனது அதற்கும் முந்தைய நிகழ்வு.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உப்புக்கும் ஆறுக்கும் ச-ஒலி உள்ள இனமொழி வடிவங்கள் திராவிடத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. இஞ்சிக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பழைய ‘ச’ வெளிமொழிச் சான்றை வைத்து மட்டுமே மீட்கப்பட்டது. ‘ங்கி’ என்பது ‘ஞ்சி’ ஆனதற்கும் தனி விளக்கம் வேண்டும். கன்னடக் ‘கிவி’ தமிழில் ‘செவி’ ஆனதைக் காட்டுவார்கள். அது சொல் முதலில் நிகழ்ந்த மாற்றம், இடையில் நிகழ்ந்ததற்கு நேரடிச் சான்றாகாது. திராவிட வழி என்பது இன்றுள்ள விளக்கங்களில் வலுவானது. ஆனால் அதன் எந்தக் கண்ணி உறுதி, எந்தக் கண்ணி மெலிவு என்று பிரித்துச் சொல்லும் கட்டுரையையே நம்ப வேண்டும்.

சிகாகோ தொகுப்பு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மேற்கே போன பாதைக்கு வேறு சேவைகள் வேண்டும். கிரேக்கத்துக்கு பெர்சியஸ் தளத்தில் உள்ள லிடெல்–ஸ்காட் அகராதி. பிரெஞ்சுக்கு நான்சி நகரிலுள்ள சி.என்.ஆர்.டி.எல். தளம், அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் வழக்காண்டோடு சொற்பிறப்புப் பகுதி உண்டு. ஜெர்மனுக்கு பெர்லின் அறிவியல் கழகம் நடத்தும் டி.டபிள்யூ.டி.எஸ்.; வொல்ஃப்காங் ப்ஃபைஃபரின் சொற்பிறப்பு அகராதி அதில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றுமே தரத்தில் முதல் வரிசை.

ஜெர்மன் அகராதியைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், இந்தச் சொல்லில் இருக்கும் மிகப் பெரிய பொறி அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனில் இஞ்சி ‘இங்வர்’. ஸ்வீடிஷில் ‘இங்கெஃபேரா’, ஃபின்னிஷில் ‘இன்கிவேரி’. இவற்றைப் பார்த்த தமிழருக்கு ‘இஞ்சிவேர்’ என்று காதில் ஒலிக்காமல் இராது. ‘தமிழிலிருந்து நேரே ஜெர்மனுக்குப் போன சொல்’ என்று எழுதவும் கை துறுதுறுக்கும். டி.டபிள்யூ.டி.எஸ். பதிவின் பழைய வடிவங்களைப் படித்தால் அந்த எண்ணம் அடங்கிவிடும். பழைய ஜெர்மனில் அது ‘கிங்கிபெரோ’. முதலில் மெய்யெழுத்து இருக்கிறது. லத்தீனிலிருந்து அப்படித்தான் வந்தது. பிறகு அந்த முதல் மெய் உதிர்ந்தது. தமிழில் முதல் ‘ச’ உதிர்ந்ததும், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து ஜெர்மனில் முதல் ‘க’ உதிர்ந்ததும் தொடர்பற்ற இரண்டு நிகழ்வுகள். இரண்டும் தற்செயலாக ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஸ்வீடிஷும் ஃபின்னிஷும் ரஷ்யனின் ‘இம்பிர்’ என்பதும் ஜெர்மன் வழிக் கடன்கள். இன்றைய வடிவங்களை ஒப்பிடாதே, எட்டக்கூடிய மிகப் பழைய வடிவங்களை ஒப்பிடு என்னும் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சிங்கள ‘இங்குரு’வும் இப்படித்தான். தமிழ் இஞ்சியிலிருந்து வந்தது போலத் தோன்றினாலும் அதன் வால் ‘வேர’ என்பதின் எச்சம். பாலி வடிவத்தின் வரிசையைச் சேர்ந்தது.

எந்த மொழி எந்தப் பாதையில் வாங்கியது என்று விரைவாகப் பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு: சொல்லின் கடைசி மெய். ஜிஞ்சர், இங்வர், இம்பிர், ஹங்கேரியனின் ‘த்யோம்பேர்’ ஆகியவற்றில் ‘ர்’. அரபி ‘ஸன்ஜபீல்’, ஹீப்ரு ‘ஸங்க்வில்’, துருக்கி ‘ஸென்ஜெஃபில்’, அல்பேனியனின் ‘ஜென்ஜெஃபில்’ ஆகியவற்றில் ‘ல்’. முதல் கூட்டம் கிரேக்க–லத்தீன் வழி. இரண்டாவது மேற்காசிய வழி. அரபிச் சொல் குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் 17-ஆம் வசனத்திலேயே வருவதால் ஏழாம் நூற்றாண்டில் அங்கே வேரூன்றியிருந்தது உறுதி. அல்பேனியா ஐரோப்பாவில் இருந்தும் ‘ல்’ கூட்டத்தில் நிற்பதற்கு துருக்கியே காரணம். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத சொற்களும் உண்டு: சீனத்தின் ‘ஜியாங்’, தாய் மொழியின் ‘கிங்’, மலாயின் ‘ஹாலியா’. ‘கிங்’ என்பதைச் ‘சிங்கி’யோடு இணைத்துத் தென்கிழக்காசியாவைத் தோற்றுவாயாகக் காட்டும் கருத்தும் ஆய்வுலகில் உண்டு, செடியின் தாயகம் அப்பக்கம் என்பதால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

பயனர்களே எழுதித் திருத்தும் இணைய அகராதியான விக்சனரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முடியாது. பெரும்பாலோர் தொடங்குவதே அங்கேதான். வழித்தோன்றல் சொற்களைக் கிளைமரமாகக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. எந்தச் சொல் கடன், எந்தச் சொல் வழிவழி வந்தது என்று தனித்தனியாகக் குறிப்பதும் நல்ல பழக்கம். ஆனால் ஒரே சொல்லின் ஆங்கிலப் பதிவை ஒருவர் எழுத, மலையாளப் பதிவை இன்னொருவர் எழுதுவதால் இரண்டும் முரண்படக்கூடும். ஒரு கூற்றுக்கு அடிக்குறிப்பு இல்லையென்றால் திருத்த வரலாற்றைத் திறந்து, அந்த வரி எப்போது, எந்த விளக்கத்தோடு நுழைந்தது என்று பார்க்க வேண்டும். அங்கே தரப்படும் மொழிபெயர்ப்புப் பட்டியலை இனச்சொல் பட்டியலாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நிகழும் தவறு. இந்தி ‘அத்ரக்’ இஞ்சிக்கு மொழிபெயர்ப்பு. ஆனால் பிறப்பு வேறு. ஈரம் என்னும் பொருளுடைய வடமொழி ‘ஆர்த்ரக’ அதன் மூலம். வங்காள ‘ஆதா’வும் அதே வழி. பச்சைக் கிழங்குக்கு ஈரத்தை வைத்து ஒரு பெயர், காய்ந்ததற்கு வேறு பெயர். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே சொல். எனவே எந்த நிலையிலுள்ள பொருளுக்கு அந்தப் பெயர் என்று கேட்காமல் பட்டியல் போட்டால் பாதி தவறாகும்.

ஆங்கிலத்துக்குள்ளேயே ஒலி ஒப்புமையால் ஏமாறுபவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே மருந்து. சந்தா கட்ட வேண்டும். பல்கலைக்கழக நூலகங்கள் சிலவற்றின் வழியாகப் படிக்க முடியும். ஆண்டு வாரியான மேற்கோள்கள் அதன் உயிர். ‘மிகக் கவனமாக’ என்னும் பொருளில் வரும் ‘ஜிஞ்சர்லி’க்கும் இஞ்சிக்கும் தொடர்பில்லை. ‘ஜின்’ என்னும் மது ஜூனிப்பர் பழத்தின் பெயரிலிருந்து வந்தது. ‘ஜிங்கம்’ துணியின் பெயர் மலாய் வழி வந்தது. மூன்றையும் இஞ்சிக் குடும்பத்தில் சேர்த்த பதிவுகள் இணையத்தில் உலவுகின்றன.

தேவநேயப் பாவாணர் 1974-இல் பொறுப்பேற்றுத் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியும் கையருகில் இருக்க வேண்டியது. ஒரு சொல்லுக்குத் தமிழுக்குள் என்னென்ன உறவுச்சொற்கள், எந்தெந்த வட்டார வழக்குகள் என்று திரட்டித் தருவதில் அது லெக்சிகனைவிட வளமானது. மேற்கோளுக்கும் பொருள் விரிவுக்கும் அதைத் திறக்கலாம். வேர்ச்சொல் விளக்கத்தை எடுத்துக்கொள்ளும்போது மட்டும், அது முன்வைக்கும் ஒலிமாற்றம் பர்ரோ–எமனோ பதிவில் வேறு நாலு சொற்களிலாவது நிகழ்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். உப்பு, ஆறு, ஈ போன்ற துணைகள் இல்லாத ஒலிமாற்றம் தனி மரம்.

சிகாகோ தொகுப்பின் குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1984-இல் நின்றுவிட்டது; அதற்குப் பிறகு வந்த பழங்குடி மொழி ஆய்வுகள் அதில் இல்லை. அகராதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை: திராவிடப் பதிவில் டர்னரின் எண் குறிக்கப்பட்டிருந்தால் அதைக் கையால் எடுத்துப்போய் வேறு பக்கத்தில் தேட வேண்டும். மொழிச் சுருக்கக்குறிகளின் பட்டியலை முன்னுரைப் பகுதியிலிருந்து தனியே எடுத்து வைத்துக்கொள்ளாமல் பதிவைப் படிக்க முடியாது. தமிழ் எழுத்தில் மட்டுமே பழகியவருக்கு முதல் ஒரு வாரம் கசக்கும்.

இஞ்சியில் வென்ற முறை எல்லாச் சொல்லுக்கும் அதே விடையைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ‘அரிசி’யை எடுத்துக்கொள்ளலாம். கிரேக்க ‘ஒரூஸா’ தமிழ் அரிசியிலிருந்து போனது என்பது பரவலான நம்பிக்கை. அதே வரிசையில், அதே அகராதிகளைத் திறந்து பார்த்தால் பிடி தளர்கிறது. கிரேக்கச் சொல்லின் ‘ஒ–ர–ஸ’ அமைப்பு, முதலில் ‘வ’ உடைய ஈரானிய வடிவங்களோடு, பஷ்தோவின் ‘வ்ரிழெ’ போன்றவற்றோடு, இன்னும் நெருக்கமாக நிற்கிறது. வடமொழி ‘வ்ரீஹி’யும் அப்பக்கமே. அந்த முதல் ‘வ’ தமிழ் அரிசியில் இல்லை. தெலுங்கில் நெல்லுக்கு ‘வரி’ என்று இருப்பதால் வடமொழிச் சொல்லுக்கும் திராவிடத்துக்கும் இடையே பழைய உறவு உண்டா என்னும் கேள்வி வேறு. அதற்குத் திறக்க வேண்டிய பதிவும் அரிசிப் பதிவு அல்ல, வரிப் பதிவு.